பன்னிரண்டு சென்டிமீட்டர்

அந்த லேப்டாப்பின் சார்ஜர் கொஞ்சம் தளர்ந்திருக்கும், ஐயா. இடது பக்கமாக அழுத்திப் பிடித்தால்தான் ஏறும். உங்கள் ஆட்கள் திறந்து பார்க்கும்போது அணைந்துவிட்டால், கெட்டுப்போனது என்று நினைத்துவிட வேண்டாம். உள்ளே இருப்பதெல்லாம் அப்படியே இருக்கிறது. நான் எதையும் அழிக்கவில்லை. பாஸ்வேர்டை இந்தத் தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.

என் பெயர் செந்தமிழன். வயது முப்பத்தாறு. தகப்பனார் தாண்டவராயன், மானாம்பதிப் பக்கம் எங்களுக்குப் பதினாறு ஏக்கர் நஞ்சை. உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். பட்டா, சாதிச் சான்றிதழ், பரீட்சை விண்ணப்பம் எல்லாம் அங்கேதான் போடுவார்கள். கல்வெட்டுக் கோயிலுக்கு வழி கேட்டும் தினம் நாலு பேர் வருவார்கள். அதற்கு முன்னால் சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் மூன்று வருடம் இருந்தேன். நானாக விட்டுவிட்டு வந்தேன் என்றுதான் ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். வாக்குமூலம் என்பதால் சரியானதைச் சொல்கிறேன். அனுப்பிவிட்டார்கள்.

சுகிர்தாவை என்னிடம் கொண்டுவந்து விட்டவர் அவள் அப்பா டேனியல். எங்கள் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் வந்த குடும்பம் அது. பிறகு டேனியல் ஷேர் ஆட்டோ வாங்கி, எங்கள் ஊரிலிருந்து மெயின் ரோடு வரை ஓட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்குப் பெண்ணோடு வந்து கடை வாசலிலேயே நின்றார்.

"சார், பாப்பா பிசிஏ முடிச்சிக்கீது. இன்னா வேல குட்த்தாலும் பண்ணும்" என்றார்.

உள்ளே வந்து உட்காருங்கள் என்று நான்தான் சொன்னேன். எங்கள் வீட்டில் வேறு யாரும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் டைப்பிங்தான் கொடுத்தேன். புரோகிராம் எழுதுவதில் அடிப்படையைக் காட்டிக் கொடுத்தேன். ஆறு மாதத்தில் நான் காட்டாததையெல்லாம் அவள் செய்ய ஆரம்பித்தாள். ஒரு நாள் ரைஸ்மில் வேதகிரிக்காக நான் எழுதிய புரோகிராமை அவர் முன்னாலேயே ஓட்டிக் காட்டினேன். பாதியில் நின்றுவிட்டது. நான் தேடிக்கொண்டிருக்கும்போது அவள் பின்னால் வந்து நின்று, "சார், அந்த ஆறாவது வரில ஒரு புள்ளி வுட்டுட்டீங்க" என்றாள். புள்ளியை வைத்ததும் ஓடியது.

வேதகிரி சிரித்தார். "இன்னாடா செந்தமிழா, யாரு யாருகிட்ட வேல கத்துக்கினு கீறீங்க?" என்றார்.

நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை, நாற்காலிக்குப் போய்விட்டாள். சிரித்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். எனக்குக் கோபம் உண்டு, ஐயா. அதை மறைக்க மாட்டேன். கோபம் வந்தால் கத்துகிறவன் நான் இல்லை, அவ்வளவுதான்.

எங்கள் ஊருக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவில், ஏரியில் மிஞ்சும் தண்ணீர் போகிற கலங்கல் ஓடை இருக்கிறது. அதன்மேல் ஒரு தரைப்பாலம். கைப்பிடிச் சுவர் கிடையாது. ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால் அரை மணியில் பாலம் மூழ்கிவிடும். மூன்று வருடத்துக்கு முன் ஒரு பால்காரரை வண்டியோடு இழுத்துக்கொண்டு போனது. அதன் பிறகு சென்னையிலிருந்து ஒரு தொண்டு அமைப்பு வந்து, பாலத்துக்கு ஒரு எச்சரிக்கை ஏற்பாடு செய்து தர முடியுமா என்று என் கடையில் கேட்டது. முடியும் என்று கையெழுத்துப் போட்டவன் நான்.

ஏற்பாடு எளிமையானது. பாலத்தின் ஓரம் ஒரு கம்பத்தில் சென்சார் பெட்டி. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஓடையில் தண்ணீர் எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து இன்டர்நெட் வழியாக அனுப்பும். சாதாரண நாளில் பன்னிரண்டு இருக்கும். தொண்ணூறு வந்தால் பாலத்தின் தளம் நனையும். எழுபதைத் தாண்டியதும் புரோகிராம் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை அறுபத்தொரு பேருக்கு மெசேஜ் அனுப்பும். ஆட்டோக்காரர்கள், பள்ளிக்கூட வேன்காரர்கள், பால் வண்டிக்காரர்கள், ஊர்க்காரர்கள். 'தரைப்பாலத்தில் தண்ணீர் ஏறுகிறது. கடக்க வேண்டாம்.'

எழுதியது சுகிர்தா. முழுவதும் அவள்தான். ஆனால் கடை என்னுடையது, அவள் உட்கார்ந்த நாற்காலி என்னுடையது, அந்த லேப்டாப்பும் என்னுடையது. ஒரு வயலில் விளைந்தது யாருடையது என்று எங்கள் பக்கத்தில் யாரும் குழம்ப மாட்டார்கள்.

ஆரம்பத்தில் ஒரு கேலிக்கூத்து நடந்தது. ஆவணி மாதம், மழையே இல்லை. பட்டப்பகலில் அறுபத்தொரு போனும் மெசேஜ் அடித்தது. ஊர் திரண்டு போய்ப் பார்த்தால், சென்சாருக்கு நேர் கீழே ஒரு எருமை நின்றுகொண்டிருந்தது. அதன் முதுகைத் தண்ணீர் என்று அளந்துவிட்டது. ஒரு வாரம் இதே பேச்சு. சுகிர்தா உட்கார்ந்து ஒரு விதியை எழுதிச் சேர்த்தாள். அளவு திடீரென்று எகிறினால் உடனே நம்பாதே, பழைய அளவையே வைத்துக்கொண்டு மூன்று முறை பார், பிறகு மெசேஜ் அனுப்பு. எருமை ரூல் என்று அவளே பெயர் வைத்தாள்.

ஐப்பசியில் திறப்பு விழா. கல்யாண மண்டபத்தில் ஐந்நூறு பேர். தொண்டு அமைப்பின் பொறுப்பாளர் திலகா என்னை மேடையில் ஏற்றி மைக்கைக் கொடுத்தார். நான் நன்றாகவே பேசினேன். நடுவில் அவர் கேட்டார், "தண்ணியும் எருமையும் வேறன்னு இது எப்படி சார் கண்டுபிடிக்குது? கொஞ்சம் விளக்குங்களேன்."

விதி இருக்கிறது என்று தெரியும். அது எப்படி வேலை செய்கிறது என்பதை நான் படித்துப் பார்த்ததில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்வரிசையிலிருந்து சுகிர்தா எழுந்து, உதவி செய்கிறவள் போல விளக்கினாள். திலகா அவளைப் பார்த்து, "இதை எழுதினது யாரும்மா?" என்று கேட்டார்.

"நான்தான் மேடம்."

ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லியிருக்கலாம். சாரும் நானும் என்று சொல்லியிருக்கலாம். அவள் பொய் சொல்லவில்லை என்பது எனக்கும் தெரியும். அவளை மேடைக்குக் கூப்பிட்டார்கள். நான் நகர்ந்து இடம் கொடுத்தேன். மறுநாள் பேப்பரில் வந்த படத்தில் ஓரத்தில் என் முழங்கை மட்டும் இருந்தது.

காலையில் நாஷ்டா சாப்பிடும்போது என் அப்பா பேப்பரைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். "நம்ம கயனில நாத்து புடுங்கனவன் பொண்ணு போட்டோ வந்துக்கீது. நீ இன்னா பண்ணிக்கினு இருந்த அங்க, சேர் எட்த்துப் போட்டுக்கினு இருந்தியா?" என்றார். நான் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

அடுத்த வாரம் திலகாவிடமிருந்து கடிதம் வந்தது. இனி புரோகிராமுக்குப் பொறுப்பு சுகிர்தா. சென்னைக்கு அழைத்துப் பயிற்சி கொடுப்பார்கள். என் கடை 'இட உதவி'. அந்தச் சொல்லை நான் பலமுறை படித்தேன்.

இப்போது லோக்கல் சர்வர் என்றால் என்ன என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு புரோகிராமை ஊருக்குத் திறந்துவிடுவதற்கு முன்னால் நம் லேப்டாப்பிலேயே ஓட்டிப் பார்ப்போம். லேப்டாப்தான் அப்போது சர்வர். உண்மையில் நடப்பதெல்லாம் அதில் நடக்கும், ஆனால் எதுவும் வெளியே போகாது. மெசேஜ் அனுப்பு என்றால், இன்னாருக்கு அனுப்பியாயிற்று என்று திரையில் ஒரு வரி எழுதும். அந்த வரியோடு சரி. சோதிக்கும்போது ஊரில் எல்லார் போனும் அடிக்கக் கூடாது என்பதற்காக அப்படி ஓர் ஏற்பாடு. நாங்கள் எழுதிக்கொண்டிருந்த நாட்களில் சென்சார் பெட்டியின் அளவுகள் நேராக என் லேப்டாப்புக்கு வரும்படிதான் வைத்திருந்தோம். எருமை நின்ற ஆவணிக்கு முன்னாலேயே பெட்டியில் முகவரியை மாற்றி, சென்னையில் இருக்கும் உண்மையான சர்வருக்குத் திருப்பினோம். பெட்டியின் பாஸ்வேர்டு என்னிடம் இருந்தது. அதைத் திரும்பக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

கார்த்திகை மாதம் அந்தச் செவ்வாய்க்கிழமை, சுகிர்தா பயிற்சிக்காகச் சென்னையில் இருந்தாள். இரண்டு நாளாக விடாத மழை. காலை பதினொரு மணிக்கு நான் பெட்டியின் முகவரியை என் லேப்டாப்புக்குத் திருப்பினேன். சோதித்துப் பார்க்க என்றுதான் அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெரிய மழையில் அவள் எழுதியது எப்படி ஓடுகிறது என்று ஒரு தடவை பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

நீங்கள் கேட்பது புரிகிறது. அளவுகள் என் லேப்டாப்புக்கு வந்தால் சென்னையில் ஒன்றும் வராது, அவள் கவனித்துவிடுவாள். உண்மை. அதனால் இன்னொரு சின்னப் புரோகிராம் எழுதினேன். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அது உண்மையான சர்வருக்குப் பன்னிரண்டு சென்டிமீட்டர் என்று அனுப்பிக்கொண்டே இருக்கும். பதினான்கு வரிகள். யாரிடமும் கேட்காமல், எதையும் பார்த்து எழுதாமல், முதல் தடவையிலேயே ஓடியது. என் ஆயுளில் நான் தனியாக எழுதி முடித்தது அது ஒன்றுதான்.

ஒரு மழைக்கு மெசேஜ் போகாமல் இருக்க வேண்டும். பாலம் மூழ்கும், நாலு பேர் நனைந்து திரும்பி வருவார்கள், ஊர் அவளைத் திட்டும். இவ்வளவுதான் என் எண்ணம். ஒரு மணி ஐம்பதுக்குத் திரையில் எழுபத்தொன்று வந்தது. உடனே வரிகள் ஓட ஆரம்பித்தன. ஏஞ்சல், அனுப்பியாயிற்று. ஏகாம்பரம், அனுப்பியாயிற்று. வினோத்குமார், அனுப்பியாயிற்று. அறுபத்தொரு வரியும் பச்சை எழுத்தில் வந்து நின்றன. ஒரு பிழையும் இல்லை. அவள் நன்றாகத்தான் எழுதியிருந்தாள். அதைப் பார்த்தபோது என் கோபம் தணியவில்லை, கூடியது.

இரண்டு மணி பத்துக்கு அவளே கூப்பிட்டாள்.

"சார், டிவில நம்ம பக்கம் மழன்னு சொல்றாங்க. இங்க பன்னெண்டுலயே நிக்குது. இன்னா சார், ஓடயில தண்ணி வரலியா?"

"இங்க சும்மா தூறிக்கினு கீதும்மா. நீ பாடத்த கவனி" என்றேன்.

கடைத் தகரத்தில் மழை விழுகிற சத்தம் அவளுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று போனைக் கையால் மூடிக்கொண்டு பேசினேன்.

அடுத்த அழைப்பைப் பற்றி இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. உங்கள் விசாரணையில் அதைப் பற்றிக் கேட்டபோது, ஆட்டோ வாடகைக்குக் கூப்பிட்டார் என்று சொன்னேன். அது பொய். இரண்டு மணி நாற்பது. அழைத்தவர் டேனியல்.

"சார், டேனியல் பேசறேன். மழ இப்டி ஊத்திக்கினு கீது, மெசேஜ் ஒண்ணியும் காணோம். பாப்பாக்குப் போட்டா எட்க்கல, கிளாஸ்ல கீது போல. வண்டில மூணு பேரு கீறாங்க. பாலத்து மேல போலாமா சார், வேணாமா?"

அப்போது என் திரையில் எண்பத்தெட்டு இருந்தது. வரிகள் மூன்றாவது முறையாக ஓடி முடிந்திருந்தன. டேனியல், அனுப்பியாயிற்று என்று அவர் பெயரும் அதில் இருந்தது.

நான் சொன்னது இது: "மெசேஜ் வரலன்னா தண்ணி இல்லன்னு அர்த்தம் டேனியலு. எழ்தனது ஒன் பொண்ணு. அது மேல ஒனக்கே நம்பிக்க இல்லியா?"

அவர் சிரித்தார். "நம்பிக்க இல்லாம இன்னா சார். சரி, வரேன்" என்று வைத்துவிட்டார்.

அவர் பாலத்துக்கு வந்தபோது தளத்தின்மேல் தண்ணீர் மெல்லிசாக ஓடியிருக்கும். மழைத் தண்ணீர் என்று நினைத்திருப்பார். நடுப் பாலத்தில் இருக்கும்போது கலங்கல் வெள்ளம் வந்தது. உயிரோடு வந்த இரண்டு பெண்களும் அப்படித்தான் சொன்னார்கள். அவர்கள் கருவேல மரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். டேனியலும் சொக்கம்மாளும் போய்விட்டார்கள். சொக்கம்மாள் பஸ் நிலையத்தில் கீரை விற்கிறவர். அன்றைக்குக் கண்ணாடி வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார். அவரை நான் நினைத்துப் பார்க்கவில்லை. அவருக்காக வருந்துகிறேன்.

ஆமாம். அவருக்காக என்றுதான் சொன்னேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றரைக்கு ஆட்கள் பைக்கில் வந்து சொன்னார்கள். நான் முதலில் பெட்டியின் முகவரியைத் திரும்ப மாற்றினேன், என் பதினான்கு வரிகளை நிறுத்தினேன், பிறகு கயிற்றை எடுத்துக்கொண்டு அவர்களோடு போனேன். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று தேடினேன். கேட்டுப் பாருங்கள், ஊரே சொல்லும். நாலு மணி பத்துக்குக் கரையில் நின்ற எல்லாருடைய போனும் ஒரே நேரத்தில் அடித்தது. தரைப்பாலத்தில் தண்ணீர் ஏறுகிறது, கடக்க வேண்டாம். எருமை ரூல் மூன்று முறை பார்த்துவிட்டு அனுப்பியிருந்தது. சொக்கம்மாளின் மகள் சிட்டம்மாள் போனைத் தூக்கித் தண்ணீரில் எறிந்தாள்.

டேனியல் மறுநாள் காலையில் கிடைத்தார். சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். எங்கள் தெருவிலிருந்து போனவன் நான் மட்டும்தான்.

மூன்றாம் நாள் சுகிர்தா கடைக்கு வந்தாள். சென்னை சர்வரில் பதிவானதை அச்செடுத்துக் கையில் வைத்திருந்தாள். அவள் கண்கள் வீங்கியிருந்தன.

"நாலு மணி வரிக்கும் பன்னெண்டு சார். அப்பறம் ஒரேயடியா நூத்தி முப்பத்தொண்ணு. தண்ணிய எருமன்னு நெனச்சிக்கினு, அளவு மாற மாற மறுபடி மொதல்ல இருந்து எண்ணி, பழைய நம்பரயே போட்டுக்கினு இருந்திருக்குது. அந்த ரூல நான்தானே சார் எழ்தனேன்?"

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இல்லை என்று நான் சொல்வேன் என்று எதிர்பார்த்தாள். அந்தத் தாளை வாங்கிப் பொறுமையாகப் படிப்பதுபோல் படித்தேன்.

"புதுசா எழ்தறவங்க தப்பு பண்றது சகஜம்மா. மனச வுட்டுடாத" என்றேன்.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எங்கப்பாவ நானே கொன்னுட்டேன் சார்" என்றாள். தண்ணீர் கொடுத்தேன். அதன் பிறகு அவள் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் பெட்டி ஒட்டுகிற வேலைக்குப் போய்விட்டாள். காலை ஐந்தே முக்காலுக்குக் கம்பெனி பஸ் என் கடையைத் தாண்டித்தான் போகும். ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருப்பாள். ஐந்து மாதம் அப்படிப் பார்த்தேன். அந்த ஐந்து மாதம் எனக்கு நல்ல தூக்கம் வந்தது. சாப்பாடும் இறங்கியது.

இன்றைக்கு ஏன் வந்தேன் என்று கேட்டீர்கள். மனசாட்சி என்று எழுதிக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட மைதானத்தில் ஊர்க்கூட்டம். மழைக்காலத்துக்குள் எச்சரிக்கை ஏற்பாட்டைத் திரும்ப ஓட விட வேண்டும் என்று திலகா வந்திருந்தார். சுகிர்தா யாரும் கூப்பிடாமல் எழுந்து நின்றாள்.

"என் தப்பாலதான் ரெண்டு பேரு செத்தாங்க. எங்கப்பா போனதுக்கு நான் எங்கிட்டயே மன்னிப்புக் கேட்டுக்க முடியாது. சிட்டக்கா, உங்க அம்மா போனதுக்கு எனக்கு இன்னா தண்டன குட்த்தாலும் ஏத்துக்கறேன்" என்றாள்.

சிட்டம்மாள் எழுந்து போனாள். அறைவாள் என்று நான் நினைத்தேன். நினைத்தேன் என்ன, எதிர்பார்த்தேன். அவள் சுகிர்தாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "நீ வேணும்னா பண்ண? ஊருக்காகப் பண்ண. ஒங்கப்பனும் சேந்துதானே போனான். மறுபடியும் நீதான் எழ்தணும், வேற எவன் எழ்தனாலும் நான் நம்ப மாட்டேன்" என்றாள்.

பெண்கள் எல்லாரும் அழுதார்கள். அதோடு முடியவில்லை. என் அப்பா தாண்டவராயன் எழுந்தார். சுகிர்தாவின் தெரு ஆட்கள் இருக்கும் கூட்டத்தில் நாற்காலியை விட்டு எழாதவர். "இன்னொரு கம்பம் நடணும்னா என் கயனில நட்டுக்கோம்மா" என்றார். அம்மா என்று அவர் என் மனைவியைக்கூடக் கூப்பிட்டதில்லை.

நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. அவள் செய்யாத ஒன்றுக்காக ஊரே அவளை மன்னித்துக்கொண்டிருந்தது. இனி அவள் பெரிய தவறைச் செய்து அதிலிருந்து எழுந்து வந்தவள். அதற்கும் அவளுக்குத்தான் மரியாதை. அது சரியில்லை, ஐயா. ஒரு பொய்யின்மேல் அப்படி ஒரு மரியாதை நிற்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

ஆகவே தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். பாலம் மூழ்கப்போகிறது என்று தெரிந்திருந்தும், தண்ணீர் இல்லை என்று சொல்லி டேனியலை அனுப்பியவன் நான். அவர் திரும்பி வர மாட்டார் என்று எனக்குத் தெரியும். சொல்லும்போதே தெரியும். சுகிர்தாவின் புரோகிராமில் எந்தத் தவறும் இல்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். இதை அவளிடம் நீங்கள் சொல்லும்போது நானும் அந்த அறையில் இருக்க வேண்டும். ஐந்து மாதமாக அவள் சுமந்த பழியை இறக்கி வைத்தது யார் என்று அவளுக்குத் தெரிய வேண்டாமா? நன்றி சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சொன்னால் வேண்டாம் என்று சொல்லவும் மாட்டேன்.